பாடிப் பள்ளி வளர்த்த பெத்யூன் அம்மையார்

ஒடுக்கப்பட்ட மக்கள் தம் உழைப்பினாலேயே ஒரு கல்விச் சங்கத்தைக் கண்டு, அதனை இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிக் காத்து, வெள்ளி விழாக் காணுகின்ற இந்நன்னாளில் நம்மைப் பற்றி மட்டுமே பேசி மகிழ்தல் போதாது. கடல் கடந்த நாட்டிலே, நம்மைப் போன்றே தாழ்த்தி வைக்கப்பட்ட ஓர் இனத்திலே தோன்றி, ஒன்றரை டாலர் கைம்முதலோடு ஒரு பள்ளியைத் தொடங்கி, அதனைக் கல்லூரியாக உயர்த்திக் காட்டிய பெருமாட்டி ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்து கொள்ள வேண்டும். அவரே அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களுக்குக் கல்விக் கண் திறந்த மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையார்.

அம்மையாரைக் கல்வியாளர் என்றும், குடியரசுத் தலைவர்க்கு ஆலோசனை கூறியவர் என்றும் பலர் எழுதியுள்ளனர். அவை யாவும் உண்மையே. ஆயினும் அவர் வாழ்வில் நாம் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டியது மற்றொன்று உண்டு. அவர் இசையை நேசித்தவர். அதிலும், அடிமைகளாய் வாழ்ந்த தம் முன்னோர் பாடிய பாட்டை நேசித்தவர். படித்தவர் பலர் அப்பாட்டைக் கேட்கவும் நாணிய காலத்தில், அதனைத் தம் பள்ளியின் நடுக்கூடத்திலே ஒலிக்கச் செய்தவர்.

பருத்திக் காட்டில் ஒரு குழந்தை

தென் கரோலினா மாநிலத்தில் மேஸ்வில் என்னும் சிற்றூருக்கு அருகே 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் மேரி பிறந்தார். தந்தை சாமுவேல், தாய் பாட்சி. இருவரும் அடிமைகளாய் இருந்தவர்கள். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865ஆம் ஆண்டில்தான். எனவே, பதினேழு பிள்ளைகளுள் பதினைந்தாவதாகப் பிறந்த மேரி, விடுதலை பெற்ற மண்ணில் கண் விழித்தவர். மூத்த பிள்ளைகள் சிலரோ அடிமைகளாகவே பிறந்தவர்கள். ஒரே குடும்பத்தில் அடிமையாய்ப் பிறந்த அண்ணனும் விடுதலையில் பிறந்த தங்கையும் இருந்தனர் என்றால், அக்காலத்தின் தன்மையை நாம் உணர்ந்து கொள்ளலாம்.

விடுதலைக்குப் பின் குடும்பத்தார் சிறிது நிலம் வாங்கி, தம் கையாலேயே மரக்குடிசை கட்டி, பருத்தி பயிரிட்டனர். குழந்தைப் பருவத்திலேயே மேரியும் பருத்தி பறித்தார். தாய் பாட்சி, வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்து வந்தார். ஒரு நாள் தாயுடன் அவ்வீட்டிற்குச் சென்ற மேரி, அங்கிருந்த ஒரு புத்தகத்தை ஆசையோடு கையில் எடுத்தாராம். உனக்குப் படிக்கத் தெரியாது, அதைக் கீழே வை என்னும் கருத்துப்பட அவ்வீட்டுச் சிறுமி கடிந்து கூறினாளாம். வெள்ளையர்க்கும் தமக்கும் உள்ள வேற்றுமை அந்த எழுத்தில்தான் அடங்கியுள்ளதோ என்ற எண்ணம் அன்று அப்பிஞ்சு நெஞ்சில் விழுந்தது. இதனை அம்மையார் தம் முதுமையிலும் மறவாது கூறி வந்தார். இத்தகைய சொல்லைக் கேட்டு வளர்ந்தோர் நம்மிடையேயும் பலர் உண்டு.

கற்றதும் மறுக்கப்பட்டதும்

மேஸ்வில்லில் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையினர் கறுப்பினப் பிள்ளைகட்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். எம்மா வில்சன் என்னும் கறுப்பின ஆசிரியை அதனை நடத்தினார். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏறத்தாழ ஐந்து மைல். எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பும் வசதி குடும்பத்திற்கு இல்லை. மேரி மட்டுமே அனுப்பப்பட்டார். பகலில் தாம் கற்றதை இரவில் உடன்பிறந்தார்க்குக் கற்பித்தார். பருத்தி எடை போடும் இடத்தில் கணக்குச் சரிதானா என்று பார்த்துச் சொல்லும்படி அயலார் அவரை நாடினர். எழுத்தறியாதோர் எடையில் ஏமாற்றப்படுவது எங்கும் உள்ள வழக்கமன்றோ? ஒரு சிறுமி கற்ற கணக்கு, ஓர் ஊரின் கூலியைக் காத்தது.

மேல்படிப்புக்கு வழியில்லாது நின்ற வேளையில், கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் வாழ்ந்த மேரி கிரிஸ்மன் என்னும் எளிய பெண்மணி, தம் சேமிப்பிலிருந்து ஒரு கறுப்பினச் சிறுமியின் படிப்புச் செலவை ஏற்க முன்வந்தார். அவ்வுதவி மேரிக்குக் கிட்டியது. 1888ஆம் ஆண்டில் வட கரோலினாவின் கன்கார்டு நகரில் இருந்த ஸ்கோஷியா மகளிர் பள்ளியில் சேர்ந்து 1894 வரை கற்றார். பின்னர் சிகாகோ நகரின் மூடி விவிலியப் பள்ளியில் பயின்று, அங்கே பாடற்குழுவிலும் பாடினார். இயல்பாகவே நல்ல குரல் வளம் வாய்த்தவர் அவர்.

ஆப்பிரிக்கா சென்று தொண்டு செய்ய வேண்டும் என்பதே அவருடைய பேரவா. ஆனால் ஆப்பிரிக்காவில் கறுப்பினத் தொண்டர்க்கு இடமில்லை எனத் திருச்சபை வாரியம் கை விரித்துவிட்டது. ஆப்பிரிக்க வழியில் வந்தவர்க்கே ஆப்பிரிக்காவில் பணி செய்ய இடமில்லை! தம் வாழ்வின் பெரிய ஏமாற்றம் அதுவே என அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டார். ஆயின் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் லூசி லேனி அம்மையார் நடத்திய பள்ளியில் ஆசிரியையானார். அப்பள்ளியைக் கண்டபின், தம்மை நாடி நிற்கும் மக்கள் தம் நாட்டிலேயே உள்ளனர் எனத் தெளிந்தார். பின்னர்ச் சம்ட்டர் நகரில் பணியாற்றுகையில், உடன் பாடிய ஆல்பர்ட்டஸ் பெத்யூன் என்பவரை 1898இல் மணந்தார். மறு ஆண்டு ஒரே மகன் பிறந்தான்.

ஒன்றரை டாலர் பள்ளி

புளோரிடா மாநிலத்தின் கீழைக் கடற்கரையில் இருப்புப்பாதை அமைக்கும் பணிக்கெனக் கறுப்பினத் தொழிலாளர் திரளாக வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகட்குப் பள்ளி என்பது கனவாயிருந்தது. பெத்யூன் அம்மையார் டேட்டோனா நகருக்குச் சென்றார். 1904ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீட்டில் பள்ளி தொடங்கிற்று. மாணவியர் ஐவர்; அவர்களுடன் அம்மையாரின் மகன். கையிருப்பு ஒன்றரை டாலர்.

மேசைக்குப் பதில் மரப்பெட்டிகள். எழுதுகோலுக்குப் பதில் கரித்துண்டு. மைக்குப் பதில் காட்டுப் பழச்சாறு. மரங்களில் தொங்கும் பாசியை உலர்த்திச் சாக்கில் அடைத்து மெத்தை செய்தனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இனிப்புப் பண்டம் செய்து தொழிலாளர்க்கு விற்றுக் காசு சேர்த்தனர். பள்ளிக்கு நிலம் வேண்டி அலைந்தபோது கிடைத்தது ஊர்க் குப்பைமேடு. அதனையும் முன்பணம் ஐந்து டாலர் கொடுத்து, மிச்சத்தைத் தவணையில் அடைப்பதாகக் கூறி வாங்கினார். 1907ஆம் ஆண்டு அங்கே முதற் கட்டடம் எழுந்தது. அதற்கு நம்பிக்கை இல்லம் எனப் பொருள்படும் பெயர் இட்டார். கற்பதற்கு உள்ளே வருக, தொண்டாற்ற வெளியே செல்க என்பது பள்ளியின் குறிக்கோள் ஆயிற்று.

சோப்புத் தொழிலில் பெருஞ்செல்வரான ஜேம்ஸ் கேம்பிள் என்பவரைப் பள்ளியின் அறங்காவலராகும்படி அம்மையார் அழைத்திருந்தார். வந்து பார்த்த அவர், பள்ளி எங்கே எனக் கேட்டாராம். அது தம் உள்ளத்தில் இருக்கிறது என்னும் கருத்தில் அம்மையார் விடை கூறினாராம். செல்வரும் அறங்காவலர் ஆனார். கண்ணுக்குத் தெரியாத பள்ளியைப் பிறர் கண்ணுக்குக் காட்டும் திறமே ஒரு கல்விச் சங்கத்தின் முதல் மூலதனம் என்பதை நம் சங்கத்து மூத்தோர் நன்கு அறிவர்.

மாணவியரிடம் அவர் காட்டியது தாயன்பு. மாணவி ஒருத்திக்குக் கடுமையான வயிற்று நோய் கண்டு, அறுவை தேவைப்பட்டது. வெள்ளையர் மருத்துவமனையில் இறைஞ்சிச் சேர்த்தார். மறுமுறை சென்று பார்க்கையில், சமையற்கட்டை ஒட்டிய பின்தாழ்வாரத்தில் அப்பெண் கிடத்தப்பட்டிருக்கக் கண்டார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததே, 1911ஆம் ஆண்டு பள்ளியின் அருகே அவர் தொடங்கிய மருத்துவமனை. அதற்குத் தம் பெற்றோர் குடும்பப் பெயரையே வைத்தார். காடுகளில் மரப்பால் வடிக்கும் கூலிகளின் குடியிருப்புகளுக்கும் சென்று, அவர்தம் பிள்ளைகட்குப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார்.

பாட்டு செய்த பணி

அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைக் காலத்தில் பருத்திக் காட்டிலும் இரவு வழிபாட்டிலும் பாடிய பாடல்கள் உலகப் புகழ் பெற்றவை. துன்பத்தையும் இறைநம்பிக்கையையும் விடுதலை வேட்கையையும் கலந்து பாடிய அப்பாடல்களை எழுதியவர் பெயர் தெரியாது. அடிமைகளுக்குப் படிப்பு மறுக்கப்பட்டிருந்ததால், அவை வாய்வழியே வாழ்ந்தன. விடுதலைக்குப் பின் படித்து வந்த முதல் தலைமுறையினர் பலர் அவற்றைப் பாட நாணினர். நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் கல்லூரி, பொருளின்றி மூடும் நிலைக்கு வந்தபோது, 1871ஆம் ஆண்டில் மாணவர் குழு ஒன்று பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டது. தம் பெற்றோரின் அடிமைப் பாட்டை அயலார் முன் பாட அம்மாணவர்கள் முதலில் தயங்கினர். பின்னர்த் துணிந்து பாடினர். உலகம் வியந்து கேட்டது. அக்குழுவின் பெயர் ஜூபிலி பாடகர் குழு. ஜூபிலி என்பது விவிலியத்தில் ஐம்பதாம் ஆண்டாகிய விடுதலை ஆண்டைக் குறிக்கும் சொல்; அவ்வாண்டில் அடிமைகள் விடுவிக்கப்பட வேண்டும் என்பது விதி. நாம் விழாவிற்கு வழங்கும் ஜூபிலி என்னும் சொல்லின் வேர் இதுவே.

பெத்யூன் அம்மையார் அவ்வழியையே பின்பற்றினார். டேட்டோனாக் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வடமாநிலச் செல்வர் வந்து தங்குவர். அவர்கள் தங்கும் விடுதிகளுக்கு மாணவியரை அழைத்துச் சென்று பாடச் செய்து, பள்ளியின் தேவையை எடுத்துரைத்து நன்கொடை பெற்றார். இது தொடக்கம் மட்டுமே. விரைவில் அவர் செய்த மாற்றம்தான் நாம் கூர்ந்து நோக்கத் தக்கது. ஞாயிறு பிற்பகல்தோறும் பள்ளியிலேயே பொதுக்கூட்டம் நடத்தினார். பாட்டுக் கேட்க விரும்பும் வெள்ளையர் அங்கே வரவேண்டும். வந்தவர்க்குத் தனி இருக்கை கிடையாது. பேருந்திலும் இரயிலிலும் நீதிமன்றத்திலும் நிறம் பார்த்து இடம் பிரித்த தென்மாநிலத்தில், செல்வச் சீமாட்டியும் சலவைத் தொழிலாளியும் ஒரே வரிசையில் அமர்ந்து, சிறுமியர் பாடும் அடிமைப் பாட்டைக் கேட்டனர். எவர் அழைத்தாலும் சென்று பாடும் நிலை மாறி, பாட்டைக் கேட்க எவராயினும் பள்ளிக்கு வரவேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று. பாட்டு அதே பாட்டுத்தான். மேடை மட்டும் மாறியது. மேடை மாறவே, பாட்டின் பொருளும் மாறிற்று.

பாட்டு அச்சத்தையும் ஓட்டிற்று. 1920ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்கட்கு வாக்குரிமை கிட்டியது. கறுப்பினத்தாரை வாக்களிக்க விடாது தடுக்க வாக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும் இருந்தன. அம்மையார் மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று வரிக்குப் பணம் திரட்டினார். தேர்வுக்கு இரவு வகுப்பு நடத்தினார். தேர்தலுக்கு முன்னிரவு, வெள்ளை அங்கியும் முகமூடியும் தரித்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தினர் பள்ளியை மிரட்டத் திரண்டு வந்தனர். அம்மையார் பள்ளியின் விளக்குகளை ஏற்றச் செய்து நிமிர்ந்து நின்றார் என்றும், மாணவியர் இறைப்பாடல்களைப் பாடினர் என்றும், வந்தவர்கள் திரும்பிச் சென்றனர் என்றும் கூறுவர். மறுநாள் கறுப்பின மக்களை அம்மையார் வரிசையாக அழைத்துச் சென்று வாக்களிக்கச் செய்தார்.

நாடறிந்த தலைவர்

1923ஆம் ஆண்டு அப்பள்ளி, குக்மன் கல்வி நிலையத்துடன் இணைந்தது. பெத்யூன் குக்மன் கல்லூரி என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. அம்மையார் 1942 வரையிலும், மீண்டும் 1946–47இலும் அதன் தலைவராய் விளங்கினார். 1924 முதல் 1928 வரை கறுப்பின மகளிர் சங்கங்களின் தேசிய அமைப்புக்குத் தலைமை தாங்கினார். 1935இல் கறுப்பின மகளிர் தேசியப் பேரவையை நிறுவினார். 1936 முதல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசில், தேசிய இளைஞர் நிர்வாகத்தின் கறுப்பினப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அவர் முயற்சியால் கறுப்பின இளைஞர் பல்லாயிரவர் உதவித்தொகையும் தொழிற்பயிற்சியும் பெற்றனர்.

மானம் என்பதை அவர் ஒருபோதும் விட்டுக் கொடுத்ததில்லை. 1938ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் நகரில் நடந்த ஒரு மாநாட்டில், தலைமை வகித்த வெள்ளைப் பெண்மணி அவரை வெறும் பெயரிட்டு மேடைக்கு அழைத்தார். வெள்ளைப் பெண்டிரை மரியாதை அடைமொழியுடன் அழைப்பதும், கறுப்பினப் பெண்டிரை எவ்வளவு மூத்தவராயினும் வெறும் பெயரால் அழைப்பதும் அங்கே வழக்கம். தம் பெயர் திருமதி பெத்யூன் என்று அம்மையார் அவை நடுவே திருத்தினார். நரைத்த தலையரையும் சிறுவர் பெயர் சொல்லி அழைத்த ஊர்களில் வளர்ந்த நமக்கு, அத்திருத்தத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

1939ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு வாஷிங்டன் நகரின் பெரிய மண்டபம் ஒன்று மறுக்கப்பட்டமையால், அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். திரண்டு கேட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் பெத்யூன் அம்மையாரும் ஒருவர். குப்பைமேட்டுப் பள்ளியில் சிறுமியரைப் பாடச் செய்தவர், அதே பாட்டு மரபு நாட்டின் தலைநகரையே கூட்டி நிறுத்தியதைக் கண்டார்.

நம் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், அதே நாட்டின் தென்கோடியில் டேட்டோனாப் பள்ளி வளர்ந்து கொண்டிருந்தது. 1945இல் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடிய மாநாட்டிற்கு, அறிஞர் டுபாய்சுடன் ஆலோசகராகச் சென்றவர் பெத்யூன் அம்மையார். அதே 1945ஆம் ஆண்டில்தான் அண்ணல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு, கறுப்பின மக்களின் கோரிக்கை ஐ.நா. சபைக்குச் செல்வதை அறிந்து அண்ணல் டுபாய்சுக்கு மடல் எழுதியதும் வரலாறு. இரு நாட்டு ஒடுக்கப்பட்டோரும் ஒரே காலத்தில் ஒரே கதவைத் தட்டினர்.

அம்மையாரைக் குறை கூறியோரும் உண்டு. செல்வரை மிகுதியும் சார்ந்து நின்றார் என்றும், தொடக்கத்தில் மாணவியர்க்குச் சமையலும் தையலுமே கற்பித்தார் என்றும் கூறினர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தையல் கற்பித்த பள்ளி, ஆசிரியரை உருவாக்கும் கல்லூரியாயிற்று. 2007இல் பல்கலைக்கழகமும் ஆயிற்று. எங்கே தொடங்கினோம் என்பதைவிட எங்கே நிறுத்த மறுத்தோம் என்பதே பெரிது.

இளமையில் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கா முதுமையில் அவரை வரவேற்றது. 1952ஆம் ஆண்டு லைபீரிய நாட்டுக் குடியரசுத் தலைவரின் பதவியேற்பு விழாவிற்கு, அமெரிக்க அரசின் பிரதிநிதிகளுள் ஒருவராய் அவர் சென்றார். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் கண்டார். 1955ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், எண்பதை நெருங்கிய அகவையில் டேட்டோனாவில் மறைந்தார். தாம் வளர்த்த கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற இறுதி விருப்பச் சாசனத்தில் பொன்னும் பொருளும் இல்லை. அன்பு, நம்பிக்கை, கல்வித் தாகம், இன மானம், இளைஞர்பால் உள்ள கடமை ஆகியவற்றையே தம் மக்களுக்குச் சொத்தாக எழுதி வைத்தார்.

நாம் பெறும் பாடம்

நம் முன்னோரிடமும் இசை இருந்தது. ஆயின் பறை அவர்கள் விரும்பி முழக்கிய இசையாக விடப்படவில்லை. சாவுக்கும் ஊர் ஏவலுக்கும் கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்டது. அவ்விழிவை மறுத்து, பறையடிக்க மாட்டோம் என்று எழுந்த பெரியோர் செய்தது முற்றிலும் சரி. அதற்காக அவர்கள் பட்ட அடியும் இழந்த வாழ்வும் கொஞ்சமல்ல. பின் வந்த படித்த பிள்ளைகள் அக்கருவியைத் தொடவும் கூசியதும் இயல்பே. இன்றோ நம் இளைஞர் பலர் அதனைத் தம் விருப்பால் கையிலெடுத்து மேடையில் முழக்குகின்றனர். இவற்றுள் எது சரி என்று மூத்தோரும் இளையோரும் வாதிடுவதை நாம் கேட்டுள்ளோம்.

பெத்யூன் அம்மையாரின் வாழ்வு இவ்வாதத்திற்கு ஓர் ஒளி தருகிறது. இழிவு கருவியில் இல்லை; பாட்டிலும் இல்லை. யார் ஏவ, யார் வாசலில், எந்த உரிமையோடு அது ஒலிக்கிறது என்பதிலேயே இழிவும் பெருமையும் உள்ளன. ஏவலுக்கு அடிக்க மறுத்த தந்தையும், தன் மேடையில் முழக்கும் மகனும் ஒரே மானத்தைக் காப்பவர்களே. ஆயின் அந்த மேடையைக் கட்டித் தருவது கல்வி. பள்ளி இல்லாத பாட்டு, பிறர் வாசலில் நிற்கும். பாட்டை மறந்த பள்ளி, தன் பெற்றோரை மறந்து நிற்கும். இரண்டையும் ஒரு கூரையின்கீழ் வைத்ததே அம்மையாரின் அருஞ்செயல்.

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் இருவர் சிலைகள் உண்டு. புளோரிடா மாநிலத்தின் சார்பில் நெடுங்காலம் அங்கே நின்றது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டுப் படைத்தலைவர் ஒருவரின் சிலை. அஃது அகற்றப்பட்டு, 2022ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் அம்மையாரின் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. அடிமைகளின் மகள் அங்கே நிற்கிறார். புத்தகத்தைக் கீழே வைக்கும்படி ஏவப்பட்ட சிறுமிக்குக் காலம் அளித்த விடை அது.

நம் சங்கத்தின் இரவு வகுப்பில் இன்று எழுத்துக் கூட்டும் சிறுமியின் கையிலிருந்து எவரும் புத்தகத்தைப் பறியாதிருக்கக் காப்பது நம் கடமை. அவள் பாட விரும்பின், நாணாது பாட மேடை தருவதும் நம் கடமை. இவ்விரண்டையும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நாம் மேற்கொள்வோமாக. பெத்யூன் அம்மையார் புகழ் ஓங்குக!